இடது பக்கப் பெட்டி

என் கணவருக்கு அப்போது இரண்டு பெண்டாட்டிகள். ஒருத்தி நான். இன்னொருத்தி வாசலில் உறை போர்த்திக்கொண்டு நின்றாள். காடுமேடெல்லாம் ஓட்டுவதற்கென்றே செய்த பெரிய மோட்டார்சைக்கிள். அவளுக்கு நான் வைத்த பெயர் சக்களத்தி. முதலில் முறைத்தார், பிறகு அவரும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார். "சக்களத்திய ஒரு தடவ துடைச்சுட்டு வந்துடறேன்" என்று போனால், ஊற்றி வைத்த காபி ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும்.

அவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஜன்னல், அலமாரி, கடை முகப்பு என்று ஆளுயரக் கண்ணாடிகளை வெட்டிப் பொருத்துகிற தொழில். கீறல் விழுந்த கண்ணாடியை யார் வாங்குவார்கள்? அதனால் கீறல் என்றாலே மனிதருக்கு உயிர் போய் உயிர் வரும். அந்த வியாதியை வண்டிக்கும் கொண்டுவந்துவிட்டார். கல் அடித்து எஞ்சின் உடையாமலிருக்க அடியில் கனத்த தகடு. ரேடியேட்டருக்கு முன்னால் வலை. கைப்பிடிகளுக்கு உறை. டாங்கில் ஒட்டுப்படலம். எஞ்சினின் இரண்டு பக்கமும் தடித்த இரும்புக் கம்பி வளைவு, பின்னால் இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி.

"முன்னாடி கம்பி, பின்னாடி பெட்டி. வண்டி சாஞ்சாலும் இது ரெண்டும் தாங்கிக்கும். நடுவுல எதுக்கும் ஒண்ணும் ஆகாது" என்று எனக்குப் பாடம் எடுப்பார். நான் காய் நறுக்கிக்கொண்டே உம் கொட்டுவேன். எனக்கு எரிச்சலாக வந்தது வேறொன்று. வண்டிக்குத் தலை முதல் கால் வரை கவசம். இவர் காலில் பழைய கேன்வாஸ் ஷூ. நான் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். காலை உடைத்துக்கொண்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். "ஏங்க, நல்லதா ஒரு பூட்ஸ் வாங்கித் தொலைங்களேன்" என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

கடையில் அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. கண்ணாடி கை நழுவினால் பிடிக்கக் கூடாது. "போனாப் போகட்டும், கைய விடு!" என்று கத்துவார். எவ்வளவு பெரிய கண்ணாடியைப் போட்டு உடைத்தாலும் அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. விழுகிற கண்ணாடியைப் பிடிக்கப் பாய்ந்தவனைத்தான் கிழி கிழி என்று கிழிப்பார். பிடித்தால் என்ன ஆகும் என்று அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு நடந்தது முழுக்க இதற்குள்தான் இருக்கிறது.

அன்று எனக்கு விடுமுறை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போவதாகப் பேச்சு. வாசலுக்கு வந்தால் சக்களத்தி ஒரு பக்கம் மொட்டையாக நிற்கிறாள். இடது பக்கப் பெட்டியைக் காணோம். அது இருந்த இடத்தில் அதைத் தாங்கும் வெறும் கம்பிச் சட்டம் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது.

"பெட்டி எங்கங்க?"

"கடையில கிடக்கு. போன வாரம் பாறையில இடிச்சு நசுங்கிடுச்சில்ல, தட்டி நிமித்தணும்."

"நசுங்குனா என்ன? அதையே மாட்டிட்டு வாங்க. யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்ல."

தலையில் அடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

ஆற்றுப் பாலத்தில் வேலை நடக்கிறது என்று வழியை அடைத்திருந்தார்கள். சுற்றிக்கொண்டு போனால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். பாலத்துக்குக் கீழே, கொஞ்ச தூரம் தள்ளி, மணல் லாரிகள் இறங்கி ஏறிய தடம் ஒன்று ஆற்றைக் குறுக்காகக் கடந்து போனது. கணுக்கால் அளவுத் தண்ணீர், கூழாங்கல். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இதற்காகத்தானே இத்தனை கவசமும்!

"வேண்டாங்க. மேல பாருங்க, அந்தப் பக்கம் எப்படிக் கறுத்துக் கிடக்குன்னு."

"அங்க பெய்யற மழை இங்க வர்றதுக்குள்ள நாம சாப்பிட்டுக் கை கழுவியிருப்போம். கெட்டியாப் பிடிச்சுக்க."

பாதி ஆறு வரை ஒழுங்காகத்தான் போனோம். நடுவில் பாசி பிடித்த உருண்டைக் கற்கள். முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி வழுக்கியது. வேகமே இல்லை, நடக்கிற வேகம்தான். வண்டி மெதுவாக இடது பக்கம் சாய ஆரம்பித்தது. அவர் இடது காலை ஊன்றினார். மொத்த வண்டியும் அந்த ஒரு காலில் நின்றது. "இறங்கு! பின்னால இறங்கு!" என்று கத்தினார். நான் பின்பக்கமாக வழுக்கித் தண்ணீரில் தொப்பென்று உட்கார்ந்தேன். வண்டி லேசாக முன்னால் உருண்டது, ஊன்றிய கால் பின்னால் மாட்டியது. அடுத்த கணம் விழுந்தது.

எலும்பு முறிந்த அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். வார்டில் கேட்கிற சத்தம் இல்லை அது. வார்டுக்கு வருகிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காய்ந்த குச்சியை மிதித்த மாதிரி என்பார்கள். அப்படியேதான் இருந்தது.

எழுந்து ஓடினேன். அவர் தண்ணீரில் முழங்கையை ஊன்றிப் பாதி படுத்த நிலையில் இருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே வண்டிக்கு அடியில். வண்டியைத் தாங்க வேண்டிய முன் கம்பி வளைவு இரண்டு பாறைகளுக்கு நடுவில் இருந்த பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பின்னால் தாங்கப் பெட்டியும் இல்லை. அந்த வெறும் கம்பிச் சட்டம் நேராக அவர் கெண்டைக்கால்மேல் இறங்கியிருந்தது.

"ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? கடையில ஊருக்கே உபதேசம் பண்றீங்க, கைய விடு கைய விடுன்னு. இங்க எதுக்குங்க கால நீட்டுனீங்க? விழுந்தா விழட்டும்னு விட வேண்டியதுதான? அதுக்குத்தான இவ்வளவு இரும்பு மாட்டி வச்சிருக்கீங்க? சக்களத்திக்கு வலிச்சிடும்னா?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. உதடு வெளுத்திருந்தது. பயத்தில்தான் கத்தினேன் என்று எனக்கே தெரியும். கத்தினால் கை நடுங்காது, அதனால் கத்தினேன்.

"விரல ஆட்டுங்க."

"ஆட்டறேன்."

"ஆடுதா?"

"ஆடற மாதிரிதான் இருக்கு. தெரியல."

நசுங்கிய காலுக்கு நேரம் என்று ஒன்று இருக்கிறது. அது தாண்டினால் ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் எங்களைத் திரும்பிப் பார்க்கிற பார்வையே வேறு. அந்தப் பார்வைக்குப் பிறகு கொண்டுவரச் சொல்கிற ரம்பத்தையும் நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

போனில் சிக்னல் இல்லை. பாலத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினேன். அங்கே ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, யார் காதில் விழும்?

வண்டியின் பின் கம்பியைப் பிடித்துத் தூக்கினேன். ஆளைத் தூக்குவதுதான் என் வேலை. முதுகை வளைக்காமல் தொடையில் பாரத்தை வாங்கத் தெரியும். ஒரு விரற்கடை எழும்பியது. என் கால் பாசியில் வழுக்கியது. வண்டி மறுபடி இறங்கினபோது அவர் போட்ட அலறலில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"வலது பெட்டியக் காலி பண்ணு" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "பாதி கனம் அதுலதான்."

வலது பெட்டி இப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. "பெட்டியவே கழட்டிடறேன், எப்படி?"

"கழட்ட முடியாது. திருடன் கழட்டக் கூடாதுன்னு வேற மாதிரித் திருகாணி போட்டிருக்கேன். அதுக்குச் சாவி கடை மேசையில இருக்கு."

திருடன் எங்கே வந்தான், நான்தானே வந்து நிற்கிறேன்! மூடியைத் திறந்து கையில் கிடைத்ததையெல்லாம் வாரி வீசினேன். ஸ்பேனர் கட்டு, காற்றடிக்கும் பம்பு, மாற்று டியூப், உடைந்தால் மாட்ட மாற்றுக் கிளட்ச் பிடி, மாற்று பிரேக் பிடி, எண்ணெய் டப்பா. வண்டி ஒவ்வொரு முறை விழுந்தாலும் எழுந்து போக எல்லாம் இருந்தது. மனிதன் விழுந்தால் கட்ட ஒரு முழத் துணி இல்லை. கடைசியில் வண்டிக்குப் போர்த்தும் உறையும், சாமான் கட்டும் வார்களும், அவருடைய மழைக்கோட்டும் வந்தன. அவற்றை மட்டும் பக்கத்துப் பாறைமேல் போட்டேன்.

அப்போதுதான் தண்ணீரைக் கவனித்தேன். வந்தபோது அடியில் கிடந்த கல்லை எண்ணலாம் போல இருந்த தண்ணீர், தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. சருகும் நுரையும் மிதந்து வந்தன. அவர் இடுப்பளவில் ஓடிய தண்ணீர் இப்போது விலாவைத் தொட்டது. அவரும் பார்த்தார்.

மறுபடி தூக்கிப் பார்த்தேன். கனம் குறைந்திருந்தது, ஆனால் தூக்கிப் பிடித்துக்கொண்டே காலை எடுக்க எனக்கு இன்னும் இரண்டு கை வேண்டும். காலுக்கு அடியில் தோண்டலாம் என்று பார்த்தால், தோண்டத் தோண்ட ஓடுகிற தண்ணீர் கல்லைக் கொண்டுவந்து நிரப்பியது.

கொஞ்சம் மேலே, எந்த வெள்ளத்திலோ அடித்து வந்த மரக்கிளை ஒன்று கல்லிடுக்கில் செருகிக் கிடந்தது. என் கை அளவு தடிமன், என்னைவிட நீளம். இழுத்து வந்து, ஒரு பாறைமேல் ஊன்றி, நுனியைக் கம்பிச் சட்டத்துக்கு அடியில் கொடுத்தேன்.

"நில்லு" என்றார் அவர்.

"என்ன நில்லு?"

"பின்பக்கம் எழும்புனா முன் கம்பி பள்ளத்த விட்டு வெளிய வந்துடும். அப்புறம் வண்டி அங்க நிக்காது. முன்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் பாரு."

பார்த்தேன். வண்டியின் முன்பக்கத்துக்கு அப்பால் பாறை சரிந்து இறங்கியது. அதற்குக் கீழே மடு, கறுப்பாகச் சுழன்றுகொண்டிருந்தது. அந்தப் பாறை விளிம்பில் வண்டியை நிறுத்தியிருந்தது பள்ளத்தில் மாட்டிய அந்த ஒரு கம்பிதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மடுவுல போனாப் போகட்டும்! இப்பவும் அவதான் பெருசா உங்களுக்கு? தண்ணி நெஞ்சுக்கு வருது, தெரியுதா இல்லையா?"

"கத்தாத. கேளு." கடையில் வேலை சொல்கிற அதே குரல். "நீ நிக்கற பக்கம் தப்பு. வண்டி திரும்பும்போது கைப்பிடி சுத்திக்கிட்டு வரும், உன்னையும் இழுத்துட்டுப் போயிடும். இந்தப் பக்கம் வா, தண்ணி வர்ற பக்கம். துப்பட்டாவக் கழட்டு. கிளையத் தோள்ல வச்சு அழுத்து. வண்டி நகர ஆரம்பிச்சதும் கிளைய விட்டுடு. பிடிக்கணும்னு கை போகும். போகத்தான் செய்யும். பிடிக்காத. போனாப் போகட்டும், கைய விடு. புரியுதா?"

"புரியுது."

"சொல்லு."

"போனாப் போகட்டும், கைய விடு" என்றேன்.

இடம் மாறினேன். துப்பட்டாவைக் கழற்றி எறிந்தேன். தோளைக் கொடுத்து, எனக்கிருந்த பலம், இல்லாத பலம் எல்லாவற்றையும் போட்டு அழுத்தினேன். கிளை முறிகிறாற்போல் முனகியது. சட்டம் எழும்பியது. அவர் இரண்டு கையாலும் தன் தொடையைப் பிடித்து இழுத்தார், பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல். ஷூ கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. "இழுங்க! ஷூ போனாப் போகுது, இழுங்க!" கால் ஷூவை விட்டுவிட்டு வெளியே வந்தது.

அதே நேரம் முன் கம்பி பள்ளத்திலிருந்து கிறீச்சென்று கிளம்பியது. சக்களத்தி திரும்பினாள். கைப்பிடி என் முகத்துக்கு முன்னால் சுற்றிக்கொண்டு போனது. இத்தனை வருஷம் இவள் ஒழிய மாட்டாளா என்று கரித்துக்கொட்டியவள் நான். என் கை தானாகவே நீண்டது. சத்தியமாக நீண்டது. உறை போட்ட கைப்பிடியில் விரல் பட்டும்விட்டது.

"விடு!" என்று அலறினார்.

விட்டேன். பாறையில் தகடு உராய்கிற சத்தம் பல்லைக் கூச வைத்தது. பிறகு மடு ஒரு தடவை வாயைத் திறந்து மூடிக்கொண்டது. கொஞ்சம் குமிழி வந்தது. அவ்வளவுதான்.

நின்று பார்க்க நேரமில்லை. நோயாளியைத் தூக்கக் கூடாது, இழுக்க வேண்டும். விரிப்போடு சேர்த்து இழுத்தால் ஒரு ஆளே போதும். வார்டில் தினமும் செய்வதுதான். பாறைமேல் கிடந்த மழைக்கோட்டையும் வார்களையும் அவர் சட்டைக்குள் திணித்து, வண்டி உறையை அவருக்கு அடியில் நுழைத்து, அக்குளுக்குக் கீழே சுருட்டிப் பிடித்து, பின்னால் நடந்தபடியே இழுத்தேன். பாதித் தூரம் தண்ணீரே அவரைத் தூக்கிக் கொடுத்தது. மீதிப் பாதியில் அதே தண்ணீர் என் முழங்காலை வாரியது. கரையில் புல்லில் விழுந்து திரும்பிப் பார்த்தபோது, அவர் படுத்திருந்த இடத்தில் பாறையே தெரியவில்லை. பழுப்புத் தண்ணீர் முழுசாக ஓடிக்கொண்டிருந்தது.

கால் கோணியிருந்தது. எலும்பு வெளியே வரவில்லை. மழைக்கோட்டைச் சுருட்டிக் காலைச் சுற்றி, சாமான் கட்டும் வாரால் இறுக்கினேன். "விரல ஆட்டுங்க" என்றேன். பெருவிரல் கொஞ்சம் அசைந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். அவர் மடுவின் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

பாலத்தில் வேலை பார்த்த மண் லாரி ஓட்டுநர், ஆறு கலங்கி வருவதைப் பார்க்க இறங்கி வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டார். "வண்டி எங்கம்மா?" என்றார். "போயிடுச்சு" என்றேன். ஓட்டுநர் வேறொன்றும் கேட்காமல் என் கணவரை லாரியில் ஏற்றினார்.

என் வார்டிலேயே படுக்க வைத்தார்கள். காலுக்குள் தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் என் முதல் கேலி தயாராக இருந்தது. "இப்ப உங்களுக்கும் அடித்தகடு மாட்டியாச்சு. இனிமே எந்தப் பாறையில வேணா இடிக்கலாம்."

சிரித்தார். எனக்குத்தான் ஆறவில்லை. கூட வேலை பார்க்கும் நர்ஸுகள் போன பிறகு, திரையை இழுத்துவிட்டு நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் போட்டேன்.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும். ஆளுயரக் கண்ணாடி நழுவுனாலே கைய விட்டுடற ஆளு நீங்க. என்கிட்டயும் அன்னிக்கு அதையேதான் சொன்னீங்க. அப்புறம் எதுக்கு அந்த இரும்புக்காகக் கால விட்டீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறார் என்பது தெரிந்தது. நான் விடுவதாக இல்லை.

"வலது பக்கம் விழுந்திருந்தா விட்டிருப்பேன்" என்றார்.

"அப்படின்னா?"

"முன்னாடி கம்பி, பின்னாடி பெட்டி. ரெண்டும் இருந்தா வண்டி அது மேல படுத்துக்கும். நடுவுல இருக்கற காலுக்கு ஒண்ணும் ஆகாது. உனக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன், நீ எங்க கேட்ட? அது வண்டிக்கு மட்டும் போட்டதில்ல." நிறுத்தி, எச்சில் விழுங்கினார். "இடது பக்கம் சாஞ்சுது. அந்தப் பக்கம் பெட்டி இல்ல. அந்தச் சட்டத்துக்குப் பக்கத்துல உன் கால் இருந்துச்சு."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நசுங்குனதையே மாட்டுன்னு நீ சொன்ன. அசிங்கமா இருக்கும்னு நான்தான் கடையில விட்டுட்டு வந்தேன். தப்பு என்னுது. காலும் என்னுதாவே இருக்கட்டும்னு தோணுச்சு. அவ்வளவுதான், விடு."

ஆற்றில் நான் அவரைக் கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சக்களத்திக்கு வலிச்சிடும்னா என்று கேட்டேனே. தண்ணீருக்குள் கால் நசுங்கிக் கிடந்த மனிதர் அதற்குப் பதில் பேசாமல் இருந்தாரே. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நாற்காலிக்குக் கீழே என் இடது கால் செருப்புக்குள் பத்திரமாக இருந்தது. ஒரு கீறல் இல்லை.

அவர் போர்வையின் கால்மாட்டை விலக்கினேன். கட்டுக்கு வெளியே ஐந்து விரல்கள் வீங்கித் தெரிந்தன.

"விரல ஆட்டுங்க" என்றேன்.

ஆட்டினார்.

"இன்னொரு தடவ."

"இப்பத்தான ஆட்டினேன்?"

"ஆட்டுங்கன்னா ஆட்டுங்க" என்று கத்தினேன். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்கள். அவர் மறுபேச்சில்லாமல் ஆட்டினார். நான் போதும் என்று சொல்கிற வரைக்கும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.